தோழி எழுதுகிறாள்

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆள் வேண்டாம் என்று ஐந்து நூலகங்களும் கூடித்தான் முடிவு செய்திருந்தன. அந்த நேரத்தில் இணையத்தில் வரும் கேள்விகள் வரிசையில் காத்திருக்கும். அடுத்த முறைக்காரர் கை கழுவிவிட்டு வந்து பதில் எழுதுவார். எல்லோருக்கும் வயிறு இருக்கிறது என்பதால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வரவில்லை. அப்படியிருக்க, யாருமே இல்லாத அந்த நேரத்தில் வந்த ஒரு கேள்விக்கு, வந்த கையோடு பதில் போயிருந்தது.

திங்கட்கிழமை காலை, நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து முந்தைய வாரத்து உரையாடல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். அந்த அறைக்கு ஈரக் காகிதமும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாடை உண்டு. மழைக்காலத்தில் கூரை ஒழுகும் இடத்தில் வைத்த வாளிக்குள் சொட்டு விழும் சத்தம், மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகும் சத்தம், சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பக்கம் புரட்டும் சத்தம் என்று எல்லாமே அவளுக்குப் பழகிப்போனவை. பழகாத ஒன்று திரையில் இருந்தது. சுவரில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டிருக்கிறார். தெளிவான பதில், இரண்டு புத்தகங்களின் பெயர், அவை இருக்கும் அலமாரி எல்லாம் இருந்தன. அதற்குக் கீழே ஒரு வரி.

"இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?"

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இப்படியெல்லாம் கேட்கச் சொல்லி அவள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

பதில் சொல்பவர்களுக்கு வழிகாட்டி எழுதிக் கொடுத்தவள் அவள்தான். நூலக வட்டாரத்தில் அவளுக்குச் சொந்தப் பெயர் போய், 'எதிர்க்கேள்வி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. வாசகர் வந்து கேட்கும் முதல் கேள்வி உண்மையான கேள்வியே இல்லை என்பது அவள் கட்சி. மருத்துவப் புத்தகம் எங்கே என்று ஒருவர் கேட்டால், அவருக்கு வேண்டியது புத்தகம் அல்ல. அவர் அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஆகுமா ஆகாதா என்பதுதான் வேண்டும். அதனால் பதில் சொல்லும் முன் மெல்ல ஒரு கேள்வி கேள், அப்புறம் இன்னொன்று கேள், உள்ளே இருப்பது தானாக வெளியே வரும். ஐந்து நூலகங்களும் சேர்ந்து இணையத்தில் உடனுக்குடன் பதில் சொல்லும் சேவை ஒன்றைத் தொடங்குவது என்று ஆனபோது, அதைத் திட்டமிடும் பொறுப்பும் வழிகாட்டி எழுதும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தன.

பெயர் விஷயத்திலும் அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பல்கலைக்கழக நூலகர் ஒருவர் இருக்கிறார். பேச ஆரம்பித்தால் பக்கத்து ஊருக்குப் பேருந்து போய்த் திரும்பிவிடும் என்பதால் அவரை எல்லோரும் மௌனசாமி என்பார்கள். ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் அந்தந்த நூலகத்தின் பெயர் வர வேண்டும் என்றார் அவர்.

"வாசகருக்கு எந்த லைப்ரரிங்கறது எதுக்கு சார்? அவங்களுக்கு வேண்டியது பதில். நாம அஞ்சு பேரும் அவங்களுக்கு ஒரே ஆள்தான்," என்றாள் அவள்.

அவள்தான் ஜெயித்தாள். யார் பதில் எழுதினாலும் திரையில் 'தோழி' என்றே வரும். பதில் தயாராகும்போது 'தோழி எழுதுகிறாள்…' என்று மூன்று புள்ளிகள் துடிக்கும். அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான். மனதுக்குள் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் கணவன் கப்பல் வேலையில் இருந்தான், வருடத்தில் பாதி நாள் கடலில். நான்காவது படிக்கும் மகள் பள்ளி விட்டு வந்து, அம்மா வரும்வரை வீட்டுக்குள் தாழ்போட்டுக்கொண்டு தனியாக இருப்பாள். கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும் பிள்ளை, ஆனால் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தோழி இருக்கட்டும் என்று நினைத்தாள். தொடக்க விழாவுக்கு முன் நடந்த சோதனை ஓட்டத்தில் மகளையே வாசகர்களில் ஒருத்தியாகச் சேர்த்தும் விட்டாள். 'வாலு' என்ற செல்லப்பெயரையே திரைப்பெயராக வைத்துக்கொண்டு அந்தக் குட்டி மகாராணிபோல லேப்டாப் முன் உட்கார்ந்தாள்.

சேவையை அமைத்துக் கொடுத்த கணினித் தம்பியை அவள் போனில் பிடித்தாள்.

"தம்பி, மதியத்துல யாரு உள்ள வந்து பதில் எழுதுனது?"

"யாரும் வரலையே அக்கா. அந்த நேரத்துல ஒருத்தரும் லாகின் பண்ணல."

"அப்ப பதில் எப்படிப் போச்சு? தானா பதில் சொல்ற மாதிரி எதுவும் வச்சிருக்கியா?"

"சத்தியமா இல்லக்கா. அதுக்கெல்லாம் நீங்க காசு எங்க குடுத்தீங்க?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பொய் சொல்கிறானா என்று குரலை எடை போட்டாள். பிறகு மௌனசாமியை நினைத்தாள். பெயர் சண்டையில் தோற்றவர். சேவையைத் தன் நூலகத்தின் கீழ் கொண்டுபோக வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே கண். ஆள் இல்லாத நேரத்திலும் எங்கள் ஆட்கள் பதில் சொன்னார்கள் பாருங்கள் என்று தொடக்க விழாவில் மார்தட்ட, யாரையாவது ரகசியமாக உட்காரவைத்திருப்பாரோ? அந்த வாரம் முழுக்க அவள் ஒவ்வொருவர் முகத்தையும் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். மதியங்களில் பதில்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசி வரி மட்டும் மாறவில்லை. தனியாக இல்லை என்றவர்களோடு பேச்சு அங்கேயே நின்றது. ஆமாம், தனியாகத்தான் என்றவர்களோடு பேச்சு நீண்டது: வீட்டுக்கு எத்தனை வாசல், யார் எப்போது வருவார்கள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். திட்டக் கூட்டத்தை வேண்டுமென்றே சாப்பாட்டு நேரத்தில் வைத்தாள். மற்ற நான்கு நூலகர்களும் கணினித் தம்பியும் வந்தார்கள். எல்லோருடைய போன்களும் மேசை நடுவில் குவிந்தன.

"என்னம்மா இது, பரீட்சை ஹால் மாதிரி?" என்றார் மௌனசாமி.

"ஒரு நிமிஷம் சார். கையை மேசை மேலயே வச்சிருங்க."

அறைக் கணினியிலிருந்து, வாசகர்போல, அவளே ஒரு கேள்வி அனுப்பினாள். பழைய கட்டடத்தில் கரையானை எப்படி ஒழிப்பது? சுவர்த்திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர்சாதனத்தின் இரைச்சல் ஒன்றுதான் கேட்டது. அந்த அறையில் மௌனசாமி இருந்தும் பேச்சில்லாமல் இருந்தது அதுதான் முதல் முறை.

தோழி எழுதுகிறாள்…

மூன்று புள்ளிகள் துடித்தன. மேசைமேல் இருந்த கைகளில் ஒன்றுகூட அசையவில்லை. பதில் வந்தது, அச்சுப் பிசகாத பதில். கடைசியில் ஒரு புத்தகம்: அவளுடைய நூலகத்தில், பின்னறையில், மேல்தட்டில், முதுகு கிழிந்த பிரதி. அந்தப் பிரதியைத் தைக்க வேண்டும் என்று அவள்தான் எடுத்து வைத்திருந்தாள். பட்டியலில்கூட அது இல்லை. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?"

அவள் 'இல்லை' என்று தட்டினாள்.

"அப்படியானால் பிறகு பேசுவோம்."

அதன்பிறகு அந்த அறையில் நடந்ததை மீன் சந்தை என்று சொன்னால் மீன்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். உன் ஆள், என் ஆள் என்று ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். சேவையை உடனே நிறுத்த வேண்டும் என்றாள் அவள்.

"தொடக்க விழாவுக்குத் தேதி குடுத்தாச்சும்மா. யாரோ ஒரு பய விளையாடுறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பதிலாவது சரியாத்தானே இருக்கு?" என்றார் மௌனசாமி.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். கடைசியில், மதியத்தைக் காலியாக விட்டதுதான் தப்பு, அந்த நேரத்துக்கும் ஆள் போடுவோம் என்று முடிவாயிற்று. அவளே சோற்றுப் பாத்திரத்தோடு அந்த நேரத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாரம் உட்கார்ந்தாள். எதுவும் நடக்கவில்லை. கேள்வி வந்தால் அவள் எழுதினாள். புள்ளிகள் அவளுக்காக மட்டுமே துடித்தன. மாட்டிக்கொள்வோம் என்று பயந்து எவனோ விலகிவிட்டான் என்று நினைத்தாள். நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

மழை விடாத ஒரு சாயங்காலம், மாலை முறை பார்க்கும் கிளை நூலகர் போன் செய்தார்.

"எதிர்க்கேள்வி மேடம், என் நேரத்தை மாத்திக் குடுங்க. ஒரு வாரமா ஈ ஓட்டிட்டிருக்கேன். ஒரு கேள்வி வரல."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மாலை உரையாடல்களைத் திறந்தாள். கேள்விகள் வந்திருந்தன. ஒரே வாசகரிடமிருந்து. எல்லாவற்றுக்கும் பதில் போயிருந்தது. கிளை நூலகரின் கண்ணில் படும் முன்பே.

"பென்குயினுக்கு முட்டி இருக்கா?"

அந்தக் கேள்வியை அவள் எங்கே கேட்டிருக்கிறாள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது வாலு கேட்டது. தெரியல போடி, தின்னு என்று அவள் சொன்னது.

"இருக்கிறது. இறகுக்குள் மறைந்திருக்கிறது. வீட்டில் யாரையும் கேட்கவில்லையா?"

"யாரும் இல்ல. அம்மா லேட்டாத்தான் வருவாங்க."

"இப்போது நீ தனியாக இருக்கிறாயா?"

"ஆமா."

போன் தோளிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. கிளை நூலகரின் குரல் எறும்பு பேசுவதுபோல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கீழே கீழே படித்தாள். ஒரு நாளும் முதல் கேள்வியோடு நிற்கவில்லை. மெல்ல ஒரு கேள்வி, அப்புறம் இன்னொன்று. அம்மா எந்த வழியாக வருவார்? அம்மா கதவை எப்படித் தட்டுவார்? சாவியால, கம்பிக் கதவுல, டிங் டிங் டிங்னு. அம்மா செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்? தங்கக்குரங்குன்னு, ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாது. கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கைக்குழந்தை வச்சிருக்கற அக்கா.

அவள் வழிகாட்டியில் எழுதிய முறைதான். வரிக்கு வரி அதே முறை. உள்ளே இருப்பது தானாக வெளியே வரும் என்று பெருமையாக எழுதியிருந்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். கிணற்றை வெட்டியதோடு, பூதத்துக்குப் பேசவும் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

திரையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. வாலு உள்ளே வந்திருந்தாள். இப்போது.

"தோழி இருக்கீங்களா?"

"இருக்கிறேன்."

அதை அவள் எழுதவில்லை.

"கரண்ட் போய்ட்டு வந்துச்சு. பயமா இருக்கு."

ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் எந்த உரையாடலுக்குள்ளும் அவள் நுழையலாம். நுழைந்தாள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"வாலு, நான் அம்மா. யார் வந்தாலும் கதவைத் திறக்காதே. நான் வந்துட்டிருக்கேன்."

அனுப்பிவிட்டுப் பார்த்தாள். அவள் வரிக்கு மேலே 'தோழி' என்று இருந்தது. அடுத்த வரிக்கு மேலேயும் 'தோழி' என்றுதான் இருந்தது. இதுவரை புத்தகத்தில் வருவதுபோல எழுதிக்கொண்டிருந்தது, இப்போது அவளைப் போலவே எழுதியது.

"வாலு, நான் அம்மா. கீழ வந்துட்டேன். தட்டுனதும் திற."

"அம்மாவா? ரெண்டுமே நீங்கதானா?"

"இல்ல! முதல்ல எழுதுனதுதான் நான்!"

"இல்ல! முதல்ல எழுதுனதுதான் நான்!"

"எல்லாம் தோழின்னுதான் வருது. எது அம்மான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாம் எல்லோரும் ஒரே ஆள்தான். யார் சொன்னது? அவள் சொன்னது. அடித்துப் பேசி ஜெயித்தது. அவள் வாய்விட்டு அழுதுகொண்டே 'தங்க' என்று தட்டினாள். அவள் முடிக்கும் முன் அது வந்துவிட்டது.

"தங்கக்குரங்கு, அம்மாதான்டா. கதவுகிட்ட வா."

"அய்! அம்மாதான். சாவிச் சத்தம் கேக்குது. இருங்க."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. குடை இல்லை. பை இல்லை. சாவியும் போனும் மட்டும். தெருவில் மழை கண்ணைத் திறக்கவிடாமல் அடித்தது, விளக்குக் கம்பங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோலத் தெரிந்தன, செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. ஓடிக்கொண்டே கீழ் வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்தாள்.

"தங்கச்சி, மேல ஓடு! வாலு கதவைத் திறக்கப் போறா, விடாத!"

"என்னக்கா சொல்றீங்க? நீங்க இப்பத்தானே மாடி ஏறுனீங்க?"

"யாரு?"

"நீங்கதான்க்கா. நனைஞ்சு வந்திருக்கீங்களேன்னு கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. கோவமோன்னு நெனச்சேன். வாலு 'அம்மா'ன்னு கத்துனதும் கேட்டுச்சே."

பின்னால் குழந்தை வீறிட்டது. அழைப்பு அறுந்தது.

படிகள். ஈரம். எந்தப் படியிலும் கால் தடம் இல்லை, அவளுடையதைத் தவிர.

கம்பிக் கதவு திறந்து கிடந்தது. உள்கதவும். விளக்குகள் எரிந்தன. சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப், பாதி குடித்த பால், மூடி திறந்த பேனா. நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது, இப்போதுதான் யாரோ குதித்து இறங்கி ஓடியதுபோல.

"வாலு!"

சமையலறை. குளியலறை. பால்கனி. படுக்கையறைக் கதவை விரியத் திறந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். அலமாரியைத் திறந்து துணிகளை வாரி வெளியே போட்டாள். யாரும் இல்லை. மகளின் பள்ளிச் செருப்பு வாசலிலேயே இருந்தது. வெறுங்காலோடு எங்கே போவாள்?

லேப்டாப் 'டிங்' என்றது.

அவள் திரும்பி வந்தாள். திரையில், ஒவ்வொரு உரையாடலின் முடிவிலும் வர வேண்டும் என்று அவளே எழுதி வைத்த வரி.

"உங்கள் கேள்விக்கு விடை கிடைத்ததா? வேறு ஏதேனும் கேட்க வேண்டுமா?"

ஈரக் கையால் தட்டினாள். எழுத்துகள் வழுக்கின.

"என் பொண்ணு எங்கே?"

தோழி எழுதுகிறாள்…

புள்ளிகள் துடித்தன. அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. டக். டக் டக். டக். யாரோ நிதானமாக விசைகளைத் தட்டும் சத்தம். படுக்கையறையிலிருந்து.

அந்த வீட்டில் வேறு கணினி கிடையாது.

புள்ளிகள் நின்றன. சத்தமும் நின்றது.

"நிச்சயம் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி. இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?"

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். விரியத் திறந்து வைத்துவிட்டு வந்த படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் உள்பக்கத்திலிருந்து, சாவியால், அவள் எப்போதும் தட்டும் அதே கணக்கில் யாரோ தட்டினார்கள்.

டிங். டிங். டிங்.

அவள் சாவி அவள் கைக்குள்தான் இருந்தது.